நிலக்கடலையின் பூர்வீகமும் இலைப்புள்ளி நோயும்

நிலக்கடலை பயிரிடும் விவசாயிகளுக்கு டிக்கா இலைப்புள்ளி நோயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விதைத்து ஒரு மாதம் கடந்ததும் இலைகளில் புள்ளிகள் தோன்றும். பின்னர் துரு நோயும் சேர்ந்து கொள்ளும். பருப்பு முற்ற வேண்டிய சமயத்தில் இலைகள் கொட்டி, செடி மொட்டையாக நிற்கும். இரண்டு நோய்களும் கடுமையாகத் தாக்கினால் பாதி மகசூல் வரை போய்விடுவதுண்டு.

"எந்த ரகத்தைப் போட்டாலும் புள்ளி விழுதுங்களே ஐயா. கடலையோட ஜாதகத்தையே படிச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. அதனால நமக்கு என்னங்க லாபம்?" என்று திருவண்ணாமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

செடியின் குணங்கள் எல்லாம் அதன் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகளில் பதிந்துள்ளன. நான்கே எழுத்துகளைக் கொண்டு எழுதிய நீண்ட ஏடு போன்றது அது. நிலக்கடலையில் இவ்வெழுத்துகள் சுமார் 250 கோடி. மனிதனுக்கே சுமார் 300 கோடிதான்! 2016-ஆம் ஆண்டில் கடலையின் மூதாதையரான இரண்டு காட்டுச் செடிகளின் ஏடும், 2019-ல் நாம் பயிரிடும் கடலையின் ஏடும் படித்து வெளியிடப்பட்டன.

அதில் தெரிய வந்தது இதுதான். தென் அமெரிக்காவில் பொலிவியா, அர்ஜென்டினா நாடுகள் சந்திக்கும் பகுதியே கடலையின் தாயகம். டூரனென்சிஸ் என்ற காட்டுக்கடலை அங்கு மிகுதி. இபாயென்சிஸ் என்ற மற்றொன்று, பொலிவியாவில் இபா என்ற ஊர்ப் பக்கம் மட்டுமே கிடைத்தது. காய் மண்ணுக்குள் விளைவதால் கடலை விதை தானாகத் தாய்ச் செடியை விட்டுச் சில அடி தூரத்திற்கு மேல் போகாது. ஆகவே அக்கால மக்களே இபாயென்சிஸ் விதையைக் கொண்டு வந்து பயிரிட்டிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் இயற்கையாக ஒட்டுச் சேர்ந்தன. இரண்டுக்கும் குரோமோசோம்கள் இருபது இருபதுதான். பிறந்த கலப்புச் செடியில் அவை இரட்டித்து நாற்பதாயின. அதுவே நமது நிலக்கடலை.

தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. நாற்பது குரோமோசோம் உள்ள செடி, இருபது உள்ள காட்டு உறவினருடன் கலந்தால் பிறப்பது மலட்டுச் செடி. ஆக, கடலைக்குப் பிறந்த வீட்டுடன் கொடுக்கல் வாங்கல் நின்று போயிற்று. கொத்துக் கடலை, கொடிக் கடலை என்று நாம் பிரித்தாலும் எல்லாம் ஒரே குடும்பம். நோய் எதிர்ப்பில் எல்லா ரகமும் ஏறக்குறைய ஒன்று போலிருப்பது இதனால்தான்.

காட்டுக்கடலை சிலவற்றில் இந்நோய்கள் எளிதில் ஏறுவதில்லை. பொலிவியாவைச் சேர்ந்த கார்டனாசி என்ற இனம் அப்படிப்பட்டது. 1960-களில் அமெரிக்காவில் இதைச் சாகுபடிக் கடலையுடன் சேர்த்தார்கள். மலட்டுக் கலப்பைக் கோல்ச்சிசின் என்ற மருந்தால் வளமாக்கி, பல தலைமுறை வளர்த்து, நாற்பது குரோமோசோம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வழித்தோன்றல்கள் ஐதராபாத் அருகே பட்டஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையம் வழியாகப் பல நாடுகளுக்குப் போயின. தார்வார் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜிபிபிடி 4 ரகத்தில் இந்த எதிர்ப்புச் சக்தி உள்ளது.

ஆனால் காட்டுச் செடியிடம் வாங்கும்போது வேண்டாததும் ஒட்டிக் கொண்டு வரும். அதன் காயில் இரண்டு பருப்புகளும் நீண்ட நூல் போன்ற காம்பால் பிரிந்திருக்கும். செடியைப் பிடுங்கினால் பாதி மண்ணிலேயே நின்றுவிடும். முன்பு இவற்றைக் களைய ஆண்டுக்கணக்கில் வயலில் வளர்த்து, நோய் வரக் காத்திருந்து பார்க்க வேண்டும். இப்போது எதிர்ப்புச் சக்தி ஏட்டில் எங்கே உள்ளது என்று தெரியும். நாற்றின் இலைத் துணுக்கைச் சோதித்தே வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்து விடலாம்.

திண்டிவனத்தில் 1940-ல் குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த டிஎம்வி 2 ரகத்தை அறியாத கடலை விவசாயி இல்லை. நல்ல ரகம், நோய்க்கு மட்டும் தாங்காது. அதற்கு ஜிபிபிடி 4-லிருந்து எதிர்ப்புச் சக்தியை இம்முறையில் ஏற்றிய ஆய்வு 2017-ல் வெளிவந்தது.

சிலர் இது மரபணு மாற்றிய பயிரா என்று ஐயப்படுகின்றனர். இல்லை. மகரந்தம் தூவிச் செய்த சாதாரண ஒட்டுதான். பொறுக்கி எடுப்பதற்கே சோதனை உதவுகிறது. கடலை தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், இவ்வகை ரகங்களில் நல்ல காய்களை நீங்களே விதைக்கு எடுத்து வைக்கலாம். ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்திலும் புள்ளி அறவே வராது என்று நினைக்க வேண்டாம். தாமதமாக, குறைவாக வரும். புள்ளி நோய்ப் பூசணம் பழைய சருகில் தங்கியிருக்கும். எனவே அறுவடைக்குப் பின் சருகை வயலில் விடாமல், தானாக முளைக்கும் கடலைச் செடிகளையும் பிடுங்கி விட்டு, அடுத்த போகத்தில் கம்போ சோளமோ போடுங்கள். புது ரக விதை உங்கள் பகுதிக்கு ஏற்றதா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, முதலில் கால் ஏக்கரில் மட்டும் விதைத்துப் பாருங்கள்.