தரவுத்தளத்தின் உள்ளே – 9: விதிகள் மிச்சப்படுத்தும் வேலை

ஒரு வினவலுக்கு விடை காணப் பல வழிகள் உண்டு. எந்த அட்டவணையை முதலில் படிப்பது, எந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்வது ஆப்டிமைசரின் பணி. 1979இல் ஐபிஎம்மின் ‘சிஸ்டம் ஆர்’ குழு வெளியிட்ட முறையில், அது ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டுக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும். அட்டவணையில் எத்தனை வரிசைகள் என்பது அதற்குத் தெரியும். அந்த வரிசைகள் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவை என்பதை அது பார்ப்பதில்லை. அந்த விதிகளையும் பயன்படுத்தி வினவலைத் திருத்தி எழுதுவதே பொருள்சார் உகப்பாக்கம். 1980இல் மைக்கேல் ஹேமரும் ஸ்டான்லி ஜ்டோனிக்கும், 1981இல் ‘குவிஸ்ட்’ என்ற அமைப்பின் வழியே ஜொனாதன் கிங்கும் இதை முன்வைத்தனர்.

திருத்திய வினவலும் பழைய வினவலும் எல்லாத் தரவுக்கும் ஒரே விடை தர வேண்டியதில்லை. விதிக்குக் கட்டுப்பட்ட தரவுக்கு ஒரே விடை தந்தால் போதும். இந்தத் தளர்வு தரும் வசதிகள் முக்கியமாக நான்கு.

முதலாவது, முரண்பாட்டைக் கண்டறிதல். கப்பல்கள் அட்டவணையில் ‘எடைத்திறன் 5 லட்சம் டன்னைத் தாண்டாது’ என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். 6 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களைக் கேட்கும் வினவலுக்கு ஒரு வரிசையைக்கூடப் படிக்காமல் ‘எதுவும் இல்லை’ என்று விடை சொல்லிவிடலாம். ஆண்டுவாரியாகப் பிரித்த அட்டவணைகளில் தேவையற்ற பகுதிகளைத் தொடாமல் விடுவதும் இதே தர்க்கம்தான். போஸ்ட்கிரெஸ் இதை 2005இல் வந்த 8.1 பதிப்பிலேயே சேர்த்தது.

இரண்டாவது, நிபந்தனையைச் சேர்த்தல். ‘ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்டவை எண்ணெய்க் கப்பல்கள் மட்டுமே’ என்பது விதி. எடைத்திறனுக்கு இண்டெக்ஸ் இல்லை, கப்பல் வகைக்கு உண்டு. 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்டவற்றைக் கேட்கும் வினவலில் ‘வகை: எண்ணெய்க் கப்பல்’ என்ற நிபந்தனையையும் ஆப்டிமைசர் சேர்க்கலாம். விடை மாறாது. ஆனால் முழு அட்டவணையையும் படிப்பதற்குப் பதில், இண்டெக்ஸ் காட்டும் வரிசைகளை மட்டும் சோதித்தால் போதும்.

மூன்றாவது, நிபந்தனையை நீக்குதல். விதி ஏற்கெனவே உறுதி செய்ததை மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. இங்கே கவனம் தேவை: எஸ்க்யூஎல்லில் மதிப்பே இல்லாத நல் வரிசை, செக் விதியில் தேறிவிடும், வேர் நிபந்தனையில் தேறாது. எனவே அந்த நெடுவரிசை நாட் நல் என்றும் அறிவிக்கப்பட்டிருந்தால்தான் நிபந்தனையை நீக்க முடியும்.

நான்காவது, இணைப்பை நீக்குதல். நடைமுறையில் பெரும் பலன் தருவது இதுவே. சரக்கு அட்டவணையின் கப்பல் எண், கப்பல்கள் அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீ. அது நாட் நல்லும்கூட. அப்படியானால் ஒவ்வொரு சரக்கு வரிசைக்கும் பொருந்தும் கப்பல் ஒன்றே ஒன்று. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. சரக்கு விவரத்தை மட்டும் கேட்கும் வினவலில் கப்பல்களோடு செய்யும் இணைப்பு வீண் வேலை. வீணான இணைப்பை யாரும் வேண்டுமென்று எழுதுவதில்லை. ஆனால் ஐந்து அட்டவணைகளை இணைக்கும் வியூ ஒன்றிலிருந்து இரண்டு நெடுவரிசைகளை மட்டும் கேட்பது அன்றாடம் நடப்பது. ஆரக்கிள், டிபி2, எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவை இத்தகைய இணைப்புகளைத் தாமே நீக்குகின்றன. போஸ்ட்கிரெஸ் 2010இல் வந்த 9.0 பதிப்பு முதல், யூனிக் விதியை ஆதாரமாகக் கொண்டு, தேவையற்ற லெஃப்ட் ஜாயினை நீக்குகிறது.

இவை அனைத்துக்கும் அடிப்படை, விதி உண்மையாக இருப்பது. தரவை விரைந்து ஏற்றுவதற்காக விதியை நிறுத்திவைத்து, பின்னர் பழைய வரிசைகளைச் சோதிக்காமலே மீண்டும் இயக்கினால், எஸ்க்யூஎல் சர்வர் அந்த விதியை நம்பத்தகாதது என்று குறித்துக்கொள்ளும். உகப்பாக்கத்துக்கு அதைப் பயன்படுத்தாது. ஆரக்கிளில் ‘ரிலை’ என்று குறித்து, சோதிக்காத விதியையும் நம்பச் சொல்ல முடியும். அப்போது விதி பொய்த்தால் விடையும் தவறும், பொறுப்பு அறிவித்தவருடையது.

விதிகளைப் பரிசீலிக்கவும் நேரம் செலவாகும். ஒரே வரிசையைத் தேடும் சிறு வினவலில், மிச்சமாவதைவிட யோசிக்கும் நேரமே மிஞ்சிவிடக்கூடும். அதனால்தான் போஸ்ட்கிரெஸ், செக் விதிகளைக் கொண்டு அட்டவணைகளை விலக்கும் சோதனையை எல்லா அட்டவணைகளுக்கும் இயல்பாகச் செய்வதில்லை.

பயன்பாட்டு நிரலுக்குள் மட்டும் எழுதப்பட்ட விதி ஆப்டிமைசரின் கண்ணில் படாது. நாட் நல், யூனிக், ஃபாரின் கீ, செக் ஆகியவற்றைத் தரவுத்தளத்திலேயே அறிவித்தால், அவை தவறான தரவைத் தடுப்பதோடு வினவலின் வேலையையும் குறைக்கும்.