மலையிறங்கும்போது கியரே முதல் பிரேக்



சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டியுடன் போய்வரும் எங்கள் ஊழியர் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் வழியில் ஒரு வளைவில் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு தப்பினார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆறு வாரம் மாவுக்கட்டு. அத்தனை நாளும் அவர் போகவேண்டிய வீடுகள் அவருக்காகக் காத்திருந்தன.

“பிரேக் பிடிக்கவில்லை, ஐயா” என்றார். வண்டியைச் சோதித்த மெக்கானிக்கோ பிரேக்கில் பழுதில்லை என்றார். கட்டிலருகே உட்கார்ந்து விசாரித்தபோது உண்மை தெரிந்தது. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டி வந்திருக்கிறார். நம் பிள்ளைகள் பலரும் செய்கிற காரியம் இது. ஆகவே இம்முறை இதைக் குறித்து எழுதுகிறோம்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரம் வரும்போது 1,000 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் பிரேக்கிலேயே வெப்பமானால், ஏறக்குறைய ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! டிரம் பிரேக் சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும்; லைனிங்கின் பிடிப்பும் குறையும். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் கொதித்தால் லீவர் பஞ்சுபோல அமுங்கும். வண்டி ஆறியபின் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். மெக்கானிக் பழுது காணாத காரணம் இதுதான்.

இன்ஜின் ஓட, கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது நல்ல கணக்கு. கிளட்சைப் பிடித்தபடி இறங்கக் கூடாது. கியரில்லாத ஸ்கூட்டரில் இன்ஜினின் பிடி குறைவு. அதனால் தொடக்கத்திலிருந்தே மெதுவாக வந்து, இடையிடையே ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புறக் கவிழும் என்று பலர் கால் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். பிரேக் பிடிக்கையில் பாரம் முன் சக்கரத்துக்குச் செல்வதால், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் லீவரை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்துங்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். டயரின் பிடிப்பு ஓர் அளவுதான். சாய்ந்து திரும்பும்போது பிரேக்குக்கு மிஞ்சுவது கொஞ்சமே. மழையும் பனிமூட்டமும் ஈர இலைகளும் அதையும் குறைத்துவிடும்.

வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு கை லீவருக்குப் போகும் ஒரு விநாடிக்குள்ளேயே 11 மீட்டர் கடந்துவிடுவோம்.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும்; சூடேறிய பிரேக்கை ஆற்றாது.

எங்கள் ஊழியர் இப்போது இரண்டாம் கியரில் இறங்கி வருகிறார். “கால் மணி நேரம் கூடுதலாகிறது, ஐயா” என்கிறார். ஆறு வாரத்தோடு ஒப்பிட்டால் அது மிகவும் மலிவு என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம்.

கோடையில் உங்கள் சபை வாலிபர்கள் முகாமுக்காக மோட்டார் சைக்கிளில் ஏற்காடு வருவார்களானால், திரும்பிப் புறப்படுமுன் இதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களை எங்கள் வார்டில் அல்ல, அடுத்த முகாமிலேயே சந்திக்க விரும்புகிறோம்.