88 முறை தத்திய கல்

குளக்கரையில் ஓட்டாஞ்சில்லை வீசி ஐந்தாறு தத்தல் வாங்கினாலே நம் ஊரில் அவன்தான் சூரன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2013 செப்டம்பரில் கர்ட் ஸ்டைனர் என்பவர் வீசிய கல் 88 முறை தத்தியது. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை அது.

நீரைவிடக் கனமான கல் ஏன் உடனே மூழ்குவதில்லை? நன்றாக வீசிய கல்லின் முன்விளிம்பு சற்றே தூக்கலாக இருக்கும். பின்விளிம்புதான் முதலில் நீரில் படும். பட்டதும் நீரை முன்னும் கீழுமாகத் தள்ளும். நீர் பதிலுக்குக் கல்லை மேலே உந்தும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த உந்தல் நான்கு மடங்காகும்.

சிக்கலும் இங்கேதான். உந்தல் பின்பக்கமாகவே விழுவதால் கல் முன்பக்கம் குப்புறக் கவிழப் பார்க்கும். கவிழாமல் காப்பது சுழற்சி, பம்பரத்தை நிற்க வைக்கும் அதே சங்கதி. கல்லை விடும் கணத்தில் ஆள்காட்டி விரல் அதன் விளிம்பைச் சுண்டுவது இதற்காகத்தான். தோள்பலத்தை மட்டும் நம்புகிறவர்களின் கல் ‘டபக்’கென்று மூழ்குவதற்குப் பெரும்பாலும் இந்தச் சுழற்சி இல்லாததே காரணம்.

பிரெஞ்சு இயற்பியலாளர் லிடெரிக் பொக்கே 2003-ல் இதற்குக் கணக்குப் போட்டார். 38 தத்தலுக்கு நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகமும் 14 சுழற்சியும் போதும் என்றார். அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். தெருக் கிரிக்கெட் பந்துவீச்சாளனே தாண்டிவிடுவான்! அடுத்த ஆண்டு அவரும் கிறிஸ்டோஃப் கிளானே முதலிய சகாக்களும் அலுமினிய வட்டத்தகட்டை எந்திரத்தால் எறிந்து, அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். தகடு நீர்மட்டத்துக்கு 20 டிகிரி சாய்ந்திருந்தபோது நீரைத் தொட்டிருந்த நேரம் மிகக் குறைவாக இருந்தது. தொடும் நேரம் குறைந்தால் இழக்கும் ஆற்றலும் குறையும், தத்தல் கூடும்.

ஸ்காட்லாந்தின் ஈஸ்டேல் தீவில், நீர் நிரம்பிய பழைய பலகைக்கல் குவாரியில் ஆண்டுதோறும் உலகப் போட்டியே நடக்கிறது. அங்கே தத்தல் எண்ணிக்கையைவிடத் தூரமே முக்கியம். கல்லின் அகலம் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2025-ல் சிலர் கல்லை வட்டமாகத் தேய்த்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார்கள். கூழாங்கல் விளையாட்டிலும் தில்லுமுல்லு!

அடுத்த முறை ஏரிக்கரைக்குப் போனால் உள்ளங்கையில் அடங்கும் தட்டைக் கல்லாகப் பொறுக்குங்கள். இடுப்பு வளைய, கையைத் தாழ்த்தி, விரலால் சுண்டி விடுங்கள். குளிக்கிறவர்களோ மாடுகளோ எதிரே இல்லையா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.