மலை மந்தைகளில் கன்றுவீச்சு நோய்க் கண்காணிப்பு

அருணாசலப் பிரதேசத்தின் மேற்குக் காமெங், தவாங் மாவட்டங்களில் வாழும் புரோக்பா மக்களின் வாழ்வுக்கு யாக் மந்தைகளே ஆதாரம். கோடையில் இம்மந்தைகள் 3,000 மீட்டருக்கும் மேலான புல்வெளிகளுக்கு ஏறுகின்றன. குளிர்காலத்தில் தாழ்ந்த சரிவுகளுக்கு இறங்குகின்றன. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த யாக்குகள் ஏறத்தாழ 58,000. 2012ஆம் ஆண்டு எண்ணிக்கையைவிட இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு.

இந்நிலையில், புருசெல்லா என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் கன்றுவீச்சு நோய் தனிக் கவனத்திற்குரியது. இந்நோய் கண்ட பசு சினையின் பிற்பகுதியில் கன்றை வீசிவிடுகிறது. யாக் பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையே ஈனுவதால், ஒரு கன்றின் இழப்பு மேய்ப்பவருக்கு ஈராண்டு இழப்பாகும். வீசப்பட்ட கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் நிறைந்துள்ள கிருமிகள் மேய்ச்சல் தரையை மாசுபடுத்துகின்றன. அவற்றை வெறுங்கையால் அகற்றுவோரையும், காய்ச்சாத பாலை அருந்துவோரையும் நோய் பற்றக்கூடும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மனிதரிடம் அதன் அறிகுறிகள்.

நோயைக் கண்டறிய எளிய முறை உண்டு. இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்துடன் ரோஸ் பெங்கால் சாயமேற்றிய கிருமிக் கரைசலைச் சம அளவில் கலந்தால், நான்கு நிமிடங்களில் முடிவு தெரியும். கலவை திரண்டால் நோய் இருப்பதாக ஐயுற்று, எலிசா போன்ற ஆய்வகச் சோதனையால் உறுதி செய்ய வேண்டும்.

சோதனை எளிது; தொடர்ந்து கண்காணிப்பதே கடினம். இன்று சோதித்த மந்தை நாளை வேறொரு மந்தையுடன் கலந்து மேயக்கூடும். ஆகவே, மந்தைகள் மலையேறுமுன்னும் இறங்கிய பின்னும் சோதிப்பது பயன் தரும். அதே விலங்கை மீண்டும் அடையாளம் காணக் காதுவில்லை எண் இன்றியமையாதது.

2019இல் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், 4 முதல் 8 மாத வயதுள்ள மாட்டின, எருமையினப் பெண் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போட வகை செய்தது. இதற்கெனப் பயன்படும் எஸ்-19 தடுப்பூசியும் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குவதால், ஊசி போட்ட விவரம் பதிவாகாவிடில் நலமான விலங்கும் நோயுற்றதாகத் தோன்றலாம்.

எனினும், உயர்ந்த புல்வெளியில் கன்று வீசப்பட்டதை முதலில் அறிபவர் மேய்ப்பவரே. சோதனை முடிவை அவருக்குத் தவறாமல் தெரிவித்து, பாலைக் காய்ச்சுவதையும் நஞ்சுக்கொடியை ஆழப் புதைப்பதையும் எடுத்துரைக்கும் அலுவலரிடமே அவர் அடுத்த இழப்பையும் மறைக்காமல் கூறுவார். கண்காணிப்பு அந்த நம்பிக்கையிலிருந்தே தொடங்குகிறது.