கூரையில் எத்தனை வாட், ஒயரில் எத்தனை வோல்ட்?

கொச்சியின் காக்கநாட்டுக்கு வடக்கே நெடும்பாசேரியில் இருக்கிறது கொச்சி விமான நிலையம். 2013இல் கட்டடக் கூரையில் 100 கிலோவாட் சூரிய பேனல்களுடன் தொடங்கியது; 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறந்து, முழுக்கச் சூரிய சக்தியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது. அங்கே பதித்தவை 46,000க்கும் மேற்பட்ட பேனல்கள். ஒவ்வொன்றும் சுமார் 260 வாட். இன்று காக்கநாட்டு மொட்டைமாடிகளுக்கு ஏறும் பேனல் 540 வாட் வரும். அளவிலும் அது பெரியதுதான்.

ஆறு பேனல் போட்டால் 3,240 வாட், அதாவது 3 கிலோவாட் சொச்சம். கொட்டேஷனில் எல்லோரும் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்பது நம் பகுதிக்குப் பொருந்தும் கணக்கு. ஜூன், ஜூலை மழையில் இது வெகுவாகக் குறையும். வெயிலிலும் முழு 540 கிடைக்காது. அந்த எண் பேனலின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நண்பகலில் கண்ணாடிக்கடியில் 60 டிகிரியைத் தொட்டால், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் சுமார் 65 வாட் போய்விடும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடச் சொல்வது இதனால்தான்.

யாரும் கேட்காதது வோல்டேஜ். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். ஒரு பேனல் ஏறத்தாழ 41 வோல்ட், 13 ஆம்பியரில் வேலை செய்கிறது. ஆறையும் சீரிஸில் கோத்தால் வோல்டேஜ் கூடி 250 அளவுக்கு வரும், கரண்ட் 13தான். பேரலலில் இணைத்தால் 41 வோல்ட், 78 ஆம்பியர். வாட் இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒயரில் சூடாக வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே ஒயரில் ஆறு மடங்கு கரண்ட் போனால் இழப்பு 36 மடங்கு. அதனால்தான் வீடுகளில் சீரிஸ்.

சீரிஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கோத்த பேனல் வரிசை முழுவதும் ஒரே கரண்ட்தான் ஓட வேண்டும். காலையில் ஒரு பேனல் மேல் தென்னோலை நிழல் விழுந்தால், பைபாஸ் டையோடு அந்தப் பகுதியை ஒதுக்கிவிடும், வோல்டேஜ் சரியும். நிழல் பரவி, இன்வெர்ட்டர் ஏற்கும் வோல்டேஜின் கீழ் வரம்புக்கும் கீழே போனால் உற்பத்தி நின்றுவிடும். மேல் வரம்பும் முக்கியம்: லோடு இல்லாதபோது இந்த ஆறு பேனலும் சேர்ந்து 300 வோல்ட்டை நெருங்கும், குளிரில் இன்னும் ஏறும். காக்கநாட்டில் பொருந்தும் பேனல் எண்ணிக்கையை மூணாறில் அப்படியே போடக் கூடாது. அங்கே அதிகாலைக் குளிரை வைத்துக் கணக்கிட வேண்டும்.

இன்வெர்ட்டரை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் ஒயரில் வோல்டேஜ் இருக்கும். அது டி.சி. என்பதால், கரண்ட் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி எளிதில் அணையாது. கழுவவோ பழுது பார்க்கவோ மாடியேறும் முன் டி.சி. ஐசொலேட்டரை அணைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.