கால் அடி யாருக்கு?

ஆம்பூரில் ஒரு டேனரியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: "தோலும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். ஓர் அறிக்கையில் 18.25 சதுர அடி, இன்னொன்றில் 18. எது சரி?"

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பதனிட்ட தோல் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்தான் கைமாறுகிறது. தோலின் பின்பக்கம் 18 என்று எழுதி, அதன் தலைமாட்டில் சின்னதாக 1, 2, 3 போட்டால் கால், அரை, முக்கால். அளவைக் கால் அடிக்கு முழுமையாக்க டேட்டாபேஸில் ஒரே வரி போதும்: அளவை நாலால் பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணாக்கும் 'ரவுண்ட்' செய்து, நாலால் வகுக்க வேண்டும்.

வினோதம் இங்கேதான். அளவு 18.125 என்று வைப்போம். நாலால் பெருக்கினால் 72.5, சரிபாதி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அளவைப் பதியும் பத்தி 'நியூமெரிக்' வகையாக இருந்தால் ரவுண்ட் 73 தரும், தோல் 18.25 அடி. 'டபுள் பிரிசிஷன்' வகையாக இருந்தால் பெரும்பாலான கணினிகளில் 72 தரும். தோல் 18 அடி. பாதியில் நிற்கும் எண்ணை முதல் வகை மேலே தள்ளுகிறது. இரண்டாவது வகை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகிறது. எப்போதும் மேலேயே தள்ளினால் கூட்டுத்தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஊதிவிடும். இரட்டைப்படை விதியில் சில ஏறும், சில இறங்கும், மொத்தத்தில் சமன்படும். ஆகவே இரண்டுமே பிழையல்ல, இரண்டு விதிகள்.

ரவுண்டுக்குப் பதிலாகச் சிலர் போடும் 'ஃப்ளோர்' அப்படியல்ல. அது கீழே மட்டுமே இறக்கும். எங்கள் தெருப் பால்காரர் ஆழாக்கை நுரையோடு நிறுத்துவார். ஒருநாள் அளவில் தெரியாது, மாதக் கடைசியில் தெரியும். கால் அடிக்குக் கீழுள்ளதையெல்லாம் ஃப்ளோர் வெட்டினால், தோலுக்குச் சராசரியாக அரைக்கால் அடி போகும். ஆயிரம் தோலுக்குச் சுமார் 125 சதுர அடி. ஐந்தடி ஆட்டுத்தோலாகப் பார்த்தால் 25 தோல். விற்றவருக்கு அது நஷ்டம், வாங்கியவருக்கு உழைக்காத லாபம்.

இந்த முடிவை மென்பொருள் எழுதுபவரின் வசதிக்கு விட்டுவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம். அளந்த எண்ணைத் திருத்தாமல் தனிப் பத்தியில் வையுங்கள். பத்தியின் வகை நியூமெரிக்காக இருக்கட்டும். எப்படி முழுமையாக்குகிறோம் என்பதை வாங்குபவரும் விற்பவரும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். கால் அடி சின்ன அளவுதான். ஆனால் அது யாருக்குச் சேரும் என்பதை இரு தரப்பும் தெரிந்து முடிவு செய்வதே நேர்மையான வியாபாரம்.