தேவை, துடுப்புப் படகுக்கும் விதிமுறை

சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திவந்த வ.வே.சு. ஐயர், 1925 ஜூன் மாதம் மாணவர்களுடன் பாபநாசம் சென்றிருந்தபோது, கல்யாண தீர்த்த அருவியில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்ற நீரில் குதித்தார்; இருவருமே உயிரிழந்தனர். ஆங்கிலேய அரசின் கண்ணில் மண்ணைத் தூவி லண்டனிலிருந்து தப்பி வந்தவரை, சொந்த மண்டலத்து ஆறு கொண்டுபோனது. நூறாண்டு கடந்த பின்னரும், மூழ்கியவரைக் காப்பாற்றச் சென்றவரும் மூழ்கினார் என்ற செய்தி தாமிரவருணிக் கரைக்குப் புதிதன்று.

இப்போது நீர்நிலைகளுக்குப் புதிய வகைப் பயணிகள் வருகின்றனர். பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும், ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டிலும் 'கயாக்' எனும் சிறு துடுப்புப் படகில் சுற்றுலாப் பயணிகள் தாமே துடுப்பு வலிக்கின்றனர். ஆண்டின் பெரும்பகுதி நீரோடும் தாமிரவருணிக்கும் அந்த ஆர்வம் பரவுவதில் வியப்பிருக்காது. வரவேற்போம். ஆனால், படகு வருமுன் விதி வரவேண்டும்.

பெரிய படகில் கவிழ்வது விபத்து. கயாக்கில் அது பயிற்சியின் முதல் பாடம். நீர்மட்டத்தை ஒட்டி அமர்ந்து, உடலை ஆட்டியே சமன் செய்யும் படகு அது. எனவே, 'லைஃப் ஜாக்கெட்' எனப்படும் உயிர்காப்பு மேலங்கி அதில் ஆபத்துக்காக எடுத்துவைக்கும் பொருளன்று. துடுப்பைப் போலவே படகின் ஓர் உறுப்பு.

மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. ஆகவே, தலையை நீருக்கு மேல் நிறுத்த வளர்ந்தவர் ஒருவருக்குக் கூடுதலாக மூன்று முதல் ஐந்து கிலோ அளவுக்கு மிதப்பு விசை போதும். கயாக் ஓட்டிகள் அணியும் 50 நியூட்டன் மேலங்கி இதைத்தான் தருகிறது. நினைவிழந்தவரைக் குப்புறக் கிடக்கும் நிலையிலிருந்து மல்லாத்த அது போதாது. அதற்கு 100 நியூட்டனும் அதற்கு மேலும் தரும் வகைகள் உண்டு. எதை வாங்கினாலும், வார் இறுகாத மேலங்கி நீரில் விழுந்ததும் கழுத்துக்கு மேலேறி முகத்தை மறைக்கும். பெரியவரின் மேலங்கியைச் சிறுவனுக்கு மாட்டுவது, மாட்டாததற்குச் சமம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கில், படகு விபத்துகளில் மூழ்கி இறப்போரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஆண்டுதோறும் மேலங்கி அணியாதவர்களே.

எனினும், மேலங்கி ஒன்றே கவசமாகிவிடாது. அதற்குத் தாமிரவருணியே சான்று. இந்த ஆற்றின் குறுக்கே கன்னடியன், அரியநாயகிபுரம், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் உள்ளிட்ட எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. சேரன்மகாதேவி வயல்களுக்கு நீர் தருவது கன்னடியன் கால்வாய். நெல்லுக்கு உயிரான அணைக்கட்டு, படகுக்கு எமன். மேலிருந்து வழியும் நீர், அடியில் மோதிச் சுருண்டு, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பும். அதில் அகப்பட்டவர் மீண்டும் மீண்டும் உள்ளே இழுக்கப்படுவார். காற்றுக்குமிழிகள் கலந்த அந்த நுரைநீரில் மேலங்கியின் மிதப்பும் குறையும். கரையிலிருந்து பார்ப்பவருக்கோ அது குளிக்க ஏற்ற வெள்ளிநீர்போல் தோன்றும்!

பிரிட்டன் இதைக் கடும் விலை கொடுத்துக் கற்றது. 1993 மார்ச் 22 அன்று, பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர், இரு பயிற்றுநர்களுடன் லைம் விரிகுடாவில் கயாக் பயணம் சென்றனர். காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளியது, மீட்புக்குத் தாமதமாகியது, மாணவர் நால்வர் இறந்தனர். பாதுகாப்புக் குறைபாடுகளை முன்னாள் பயிற்றுநர்கள் முந்தைய ஆண்டே கடிதம் எழுதி எச்சரித்திருந்தனர். நிறுவன இயக்குநர் சிறை சென்றார். 1995-இல் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பயிற்றுநரின் தகுதி, வானிலை அறிதல், மீட்பு ஏற்பாடு அனைத்தும் உரிமத்தின் நிபந்தனைகளாயின.

நம் நாட்டில் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, பெரும்பாலும் எந்திரப் படகுகளைப் பற்றியே பேசுகிறது. எந்திரமில்லாக் கலங்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அந்தப் பொறுப்பை மாநில அரசு ஊராட்சி வரை பகிர்ந்தளிக்கவும் வழி இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-இல் படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. ஏட்டில் இவையெல்லாம் இருந்தும், 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்னி ஏரியில் படகு கவிழ்ந்து மாணவர் 12 பேரும் ஆசிரியர் இருவரும் இறந்தனர். அளவுக்கு மீறி ஆளேற்றப்பட்ட அந்தப் படகில் பலருக்கு மேலங்கி தரப்படவில்லை.

ஆகவே, விதி படகின் எந்திரத்தைப் பார்த்து அல்லாமல், நீரில் இறங்கும் ஆளைப் பார்த்து எழுதப்பட வேண்டும். அணைக்கட்டின் இருபுறமும் எவ்வளவு தொலைவுக்குப் படகு நெருங்கலாகாது என்பதை நீர்வளத் துறை குறித்து, ஆற்றிலேயே மிதவைக் கயிறு கட்ட வேண்டும். பாபநாசத்தில் நீர் திறக்கப்படும் நேரம், கீழே படகு நடத்துவோருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கொக்கி உடைந்த, பஞ்சு நைந்த மேலங்கிகளை ஆண்டுதோறும் சோதித்து அகற்ற வேண்டும். சிறுவர் அளவில் மேலங்கி இல்லாத படகுத்துறையில் சிறுவருக்குச் சீட்டு வழங்கக் கூடாது. வழங்கினால், உரிமம் அன்றே ரத்தாக வேண்டும்.